வீட்டுல போன் எப்படிப் புழங்குதுன்னு தீசிஸ், சர்வே மட்டும் வச்சு ஓட்டிடலாமா?

பாதித்தீசிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்குதான் முதல் பதிவு, நீளமா போயிடுச்சு, பொறுத்துக்கங்க.

சமூகவியல் முதுகலை கடைசி வருஷம். தலைப்பு ஒருவழியா ஓகே ஆயிடுச்சு. மூணு தலைமுறை ஒண்ணா இருக்குற வீடுகள்ல போன் எப்படிப் புழங்குது, யாரு போனை யாரு எடுக்குறா, யாருக்காக எடுக்குறா, இதான் விஷயம். கைல அஞ்சு மாசம் இருக்கு. 42 கேள்வி போட்டு ஒரு கேள்வித்தாள் ரெடி பண்ணிட்டேன், ஊரெல்லாம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடலாம்னு எங்கம்மாகிட்ட குடுத்தேன், அங்கதான் வம்பு ஆரம்பிச்சது.

7வது கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பயன்படுத்துகிறீர்கள்?". அம்மா யோசிக்கவே இல்ல, அரை மணி நேரம்னு டிக் அடிச்சாங்க. நான் சும்மா இருக்காம அவங்க போன்ல ஸ்கிரீன் டைம் எடுத்துப் பாத்தேன், அன்னிக்கு 3 மணி 40 நிமிஷம். "என்னம்மா இது"ன்னு காட்டினதும் அவங்களுக்கு சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. "அதுல பாட்டு ஓடிட்டு கிடந்துச்சு, நான் எங்க பாத்தேன்?" சரி, சித்தியோட வீடியோ கால்ல ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தீங்களேன்னு கேட்டா, "அது போன் பாக்குறதா? அது என் தங்கச்சிகூட பேசுறது." அப்புறம் அன்னிக்கு பூரா என்கூட சரியா பேசல, "என்னைப் பொய் சொல்றவன்னு எழுதப் போறியா"ன்னு ஒரே கேள்வி.

கைடுகிட்ட போய் சொன்னேன். சிரிச்சிட்டு "உன் தீசிஸ் 7வது கேள்வில இருக்கு, மீதி 41ஐயும் தூக்கிப் போடு"ன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்கு கிளம்பிட்டார். அவர் ஸ்டைல் அதான், பாதி சொல்லுவார்.

இப்ப எனக்குத் தெரிய வேண்டியது, சர்வேய நம்பலாமா கூடாதா? நம்பக் கூடாதுன்னா எல்லார் போன்லயும் லாக், அதாவது போன் தானா பதிவு பண்ணி வைக்கிற கணக்கு, அதை எடுத்துடலாமா, அது சரியான வழியா? சொந்த வீட்டையே ஃபீல்டா, அதாவது ஆய்வு பண்ற இடமா எடுத்துக்கிட்டா வைவால (கடைசி வாய்மொழித் தேர்வுல) கிழிப்பாங்களா? இந்த மாதிரி வேலை பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.


ஸ்டாட்ஸ்_சித்தப்பா:

தம்பியா தங்கச்சியான்னு தெரியல, வாழ்த்துக்கள் முதல்ல. முதல் டெஸ்ட்லயே இது மாட்டினது அதிர்ஷ்டம், பல பேருக்கு 400 ஃபார்ம் வாங்கி டேட்டா என்ட்ரி முடிச்ச அப்புறம்தான் தெரியும்.

உங்கம்மா தனி ஆள் இல்ல. தானா சொல்ற நேரமும் போன்ல பதிவாகுற நேரமும் எந்த அளவுக்கு ஒத்துப்போகுதுன்னு ஏகப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து வச்சுப் பாத்து 2021ல ஒரு மெட்டா அனாலிசிஸ் வந்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல ஒட்டுறவு சுமார் 0.38தான் (முழுசா ஒத்துப்போனா 1, ஒத்தே போகலன்னா 0). அதாவது நிறைய யூஸ் பண்றவங்க கொஞ்சம் கூடுதலா சொல்றாங்க, அவ்வளவுதான், அந்த நம்பரை நம்பி அதுமேல இன்னொரு முடிவைக் கட்டினா ஆடும். ஆனா பாருங்க, போன் பத்தி பேப்பர்ல வர்ற பயமுறுத்தல்ல பாதி இந்த மாதிரி "எத்தனை மணி நேரம்" கேள்விய நம்பி வந்ததுதான். 2019ல ஓர்பன், ஷ்பில்ஸ்கி ரெண்டு பேரும் மூணு பெரிய சர்வே டேட்டாவ எடுத்து, மூணரை லட்சத்துக்கு மேல வளரிளம் பசங்க, எத்தனை விதமா கணக்குப் போடலாமோ அத்தனை விதமாவும் போட்டுப் பாத்தாங்க. பசங்க மனநலத்துல இருக்குற ஏற்ற இறக்கத்துல டெக்னாலஜியால விளக்க முடிஞ்சது அதிகபட்சம் 0.4 சதவீதம். ஒரே டேட்டாவ வச்சுக்கிட்டு ஒருத்தர் ஐயோ ஆபத்துங்கலாம், இன்னொருத்தர் ஒண்ணுமே இல்லங்கலாம், எந்தக் கணக்கு போடுறீங்கங்கிறதுதான் அங்க விளையாடுது.

சர்வேய தூக்கிப் போட வேண்டாம், கேள்விய மாத்துங்க. "ஒரு நாளைக்கு"ன்னு கேட்டா மனுஷன் சராசரி போட மாட்டான், தன்னப் பத்தி தான் நினைக்கிறதைத்தான் சொல்லுவான். "நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து போன் எங்கெங்க இருந்துச்சு, யார் யார் தொட்டாங்க"ன்னு கேளுங்க, நேத்துன்னா ஞாபகம் வரும்.

லாக் பத்தியும் ஒரு வார்த்தை. லாக்ங்கிறது ஸ்கிரீன் எரிஞ்ச நேரம். யார் கைல எரிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியாது. மூணு தலைமுறை வீட்ல ஒரு போன் மூணு கை மாறும்.


லாக்ஃபைல்:

எனக்கு இதுல கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன், தினமும் யூசேஜ் டேட்டா பாக்குறதுதான் பொழப்பு. ஜனங்க சொல்றது ஒண்ணு செய்றது ஒண்ணு, இது எங்க டீம்ல சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் குடுப்பாங்க. அதனால லாக்கை எடுத்துட்டு போயிட்டே இருக்க வேண்டியதுதானே ப்ரோ. கைமாறுதுன்னா கைரேகை வச்சு யாருன்னு பிரிச்சுக்கலாம், அது ஒரு எஞ்சினியரிங் பிராப்ளம், அவ்வளவுதான். பத்து வீட்டுக்குப் போய் உக்காந்து பேசி எழுதுறதை ஆராய்ச்சின்னு சொல்றது எனக்கு இன்னும் புரியல, நல்லா எழுதினா கதை, இல்லன்னா குறிப்பு. தப்பா எடுத்துக்காதீங்க.


மரநாற்காலி:

லாக்ஃபைல் தம்பிக்கு, தப்பாவே எடுத்துக்கல. இந்தக் கேள்விய முப்பது வருஷமா வகுப்புல பசங்க கேட்டுட்டு இருக்காங்க, நான் ஒரே கதையத்தான் பதிலா சொல்றேன், சலிக்கவே இல்ல.

ஜெராக்ஸ் கம்பெனிக்கு பார்க்னு ஒரு ஆராய்ச்சிக்கூடம். 80கள் ஆரம்பம். புதுசா ஒரு பெரிய காப்பி மெஷின் விட்டாங்க, பச்சை பட்டனை அமுக்குனா போதும்ங்கிற மாதிரி விளம்பரம். வாங்குனவங்க எல்லாம் கஷ்டமா இருக்குன்னு புகார். லூசி சச்மேன்னு மானுடவியல் படிச்சவங்க, அங்க வேலை பாத்துட்டு இருந்தாங்க, கேமராவ வச்சு ஜோடி ஜோடியா ஆட்களை மெஷின் முன்னாடி விட்டாங்க. ஏன் ஜோடின்னா தனியா இருக்குறவன் மனசுக்குள்ள குழம்புவான், ரெண்டு பேர்னா வாய்விட்டுப் பேசுவாங்க. ஒரு வீடியோல மெஷின்கூட மல்லுக்கட்டுற ரெண்டு பேர் யாருன்னா, ஒருத்தர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையை ஆரம்பிச்சு வச்சவங்கள்ல ஒருத்தர், கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருதை 1975லயே வாங்கினவர். இன்னொருத்தர் ரான் கப்லான், மொழியியல்ல பெரிய கை. அவங்களுக்கே காப்பி எடுக்க வரல! முட்டாள்களுக்குத்தான் மெஷின் புரியாதுங்கிற சமாதானம் அதோட போச்சு.

இனிமே சொல்றதுதான் உங்களுக்கு வேணும் தீசிஸ். சச்மேன் அந்த வீடியோக்களை எழுதி வச்ச விதம். பேப்பர்ல நாலு கட்டம். முதல் கட்டத்துல ஆட்கள் செஞ்சது, பேசினது, ஆனா மெஷினுக்குத் தெரியாதது. ரெண்டாவதுல மெஷினுக்குத் தெரிஞ்சது, அதாவது பட்டன் அமுக்குனது, மூடியத் திறந்தது, அவ்வளவுதான். மூணாவதுல மெஷின் பதிலுக்கு என்ன காட்டுச்சு. நாலாவதுல டிசைன் பண்ணவங்க அதை எதுக்காக அப்படி வச்சாங்க. வரிக்கு வரி நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா, மனுஷன் "இது தப்பாச்சே"ன்னு முழிக்கிறப்ப மெஷின் எல்லாம் சரியா போகுதுன்னு நினைச்சுட்டு அடுத்த ஸ்டெப்புக்கு போறது பச்சையா தெரியும். 1987ல அது புத்தகமா வந்துச்சு, மென்பொருள் டிசைன் படிக்கிறவங்களும் அதுக்கப்புறம் படிக்க ஆரம்பிச்சாங்க.

தம்பி, உங்க லாக் அந்த ரெண்டாவது கட்டம். நல்ல கட்டம்தான், ஆனா ஒரு கட்டம்.


லாக்ஃபைல்:

ஓ. நாலு கட்டம் விஷயம் நல்லா இருக்கு, ஒத்துக்குறேன். எங்க ஆபீஸ்ல இது இல்லாமதான் தலையப் பிச்சுக்கிறோம், "யூசர் இங்க 40 செகண்ட் நிக்கிறான் ஏன்"னு அரை நாள் மீட்டிங் போடுவோம், போய்க் கேக்கணும்னு யாருக்கும் தோணாது.


மரநாற்காலி:

இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு, கைவலி, அதான் ரெண்டு தவணையா டைப் பண்றேன்.

"அது என் தங்கச்சிகூட பேசுறது"ன்னு உங்கம்மா சொன்னாங்க பாருங்க, அது ஒரு நூறு வருஷத்துப் பழைய சண்டை. அமெரிக்காவுல டெலிபோன் வந்த புதுசுல கம்பெனிக்காரங்க அதை வியாபாரத்துக்கும் அவசரத்துக்கும்னுதான் நினைச்சாங்க, பொம்பளைங்க லைன்ல உக்காந்து ஊர்க்கதை பேசுறதை வீண்னு சொல்லி அடக்கப் பாத்தாங்க. கிளாட் ஃபிஷர்னு ஒரு சமூகவியல்காரர் கம்பெனி விளம்பரங்களையும் பழைய ஆவணங்களையும் தோண்டி இதை எழுதியிருக்கார். 1920கள் நடுவுலதான் கம்பெனிகளுக்கே உறைக்குது, ஓ, அரட்டை அடிக்கிறதுதான் இதோட வேலை போலன்னு, அப்புறம் விளம்பரமே மாறுது. ஒரு கருவி எதுக்குன்னு முடிவு பண்ணது அதைச் செஞ்சவங்க இல்ல, வீட்ல உக்காந்து பேசினவங்க.

வீட்டு வேலையும் அப்படித்தான். வாஷிங் மெஷின், வேக்குவம் கிளீனர் எல்லாம் வந்தா வேலை குறையணும் இல்லயா? ஜோன் வானெக்னு ஒருத்தங்க 1974ல அமெரிக்க நேரக் கணக்கெல்லாம் எடுத்துப் பாத்தா, வெளிய வேலைக்குப் போகாத பொம்பளைங்க வாரத்துக்கு 1920கள்ல 52 மணி நேரம், 1960கள்ல 55. குறையவே இல்ல. ஏன்னு பின்னாடி ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் விளக்கினாங்க, முன்ன ஆம்பளை செஞ்ச வேலை, பிள்ளைங்க செஞ்ச வேலை, ஆள் வச்சு செஞ்ச வேலை எல்லாம் மெஷின் வந்ததும் ஒரே ஆள் தலைல வந்து விழுந்துச்சு, கூடவே "சுத்தம்"னா என்னங்கிற அளவுகோலும் ஏறிடுச்சு. போன்லயும் அதைத் தேடுங்க. ஸ்கூல் குரூப்ல வர்ற அறிவிப்பைப் பாக்குறது, பில் கட்டுறது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுறது, இதெல்லாம் முன்ன யார் செஞ்சா, இப்ப யார் தலைல இருக்கு. உங்கம்மாவோட 3 மணி 40 நிமிஷத்துல எத்தனை நிமிஷம் அவங்களுக்காக, எத்தனை நிமிஷம் உங்களுக்காகன்னு ஒருநாள் கூட உக்காந்து எண்ணிப் பாருங்க.

தியரி வேணும்னா டொமஸ்டிகேஷன்னு தேடுங்க, காட்டு மாட்டைப் பழக்குற மாதிரி வீடு கருவியப் பழக்குறது. ரோஜர் சில்வர்ஸ்டோன், எரிக் ஹிர்ஷ், டேவிட் மோர்லி, 1992. வாங்கி வீட்டுக்குள்ள கொண்டு வர்றது, ஒரு இடம் குடுக்குறது, தினப்படி நேரத்துக்குள்ள சேர்த்துக்குறது, அப்புறம் அதை வச்சு வெளி உலகத்துக்கு தன்னைக் காட்டிக்குறது, இப்படி நாலா பிரிப்பாங்க. அதுல இடம் குடுக்குறது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு வீட்டுக்குப் போனா நான் முதல்ல பாக்குறது சார்ஜர் எங்க மாட்டியிருக்குன்னு. யார் கட்டில் பக்கத்துல இருக்கோ பெரும்பாலும் வீட்டோட போன் ராஜ்ஜியம் அவங்க கைல.


சிவப்புமை:

எல்லாரும் மெத்தட் பேசுறீங்க, கன்சென்ட், அதாவது ஆய்வுல இருக்குறவங்க சம்மதம், அதைப் பத்தி யாரும் வாயே திறக்கல. நான் எத்திக்ஸ் கமிட்டில உக்காந்திருக்கேன், அதனால கொஞ்சம் கறாரா பேசுவேன்.

உங்கம்மா போனை எடுத்து ஸ்கிரீன் டைம் பாத்தீங்களே, கேட்டுட்டா பாத்தீங்க? இல்லதானே. அந்தக் கோவம் அரை மணி நேரம் மூணு மணி நேரம்கிற கணக்குக்கு வந்தது இல்லம்மா, கேக்காம எடுத்ததுக்கு. முதல்ல போய் மன்னிப்பு கேளுங்க, அப்புறம் அந்த நம்பரை எழுதலாமான்னு கேளுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க.

சொந்த வீடு ஃபீல்டா இருக்கலாமான்னா இருக்கலாம், வைவால கிழிக்க மாட்டாங்க, ஆனா உங்ககிட்ட "மாட்டேன்"னு சொல்ல அவங்களுக்கு வழி இருக்கான்னு கேப்பாங்க. பிள்ளை கேட்டா எந்த அம்மா கையெழுத்து போட மாட்டாங்க? அதனால ஒரே தடவை படிவத்துல கையெழுத்து வாங்கிட்டு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு தடவ ரெக்கார்டரை ஆன் பண்றப்பவும் கேளுங்க. பெரியவங்க பக்கத்துல இருக்குறப்ப சின்னவங்ககிட்ட கன்சென்ட் வாங்காதீங்க, தலைய ஆட்டத்தான் செய்வாங்க.

ஸ்கிரீன்ஷாட் வாங்கவே வாங்காதீங்க. ஸ்கிரீன் டைம் பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்புன்னா மேல நோட்டிஃபிகேஷன்ல யாரோ ஒருத்தர் அனுப்பின மெசேஜும் சேர்ந்து வரும், அந்த யாரோ உங்களுக்கு சம்மதம் குடுக்கல. குடும்ப குரூப் மெசேஜும் அதே கதை, ஒருத்தர் சம்மதிச்சா முப்பது பேர் சம்மதிச்ச மாதிரி ஆயிடாது.

பேரை எடுத்துட்டா போதும்னும் நினைக்காதீங்க. 2008ல ஹார்வர்டு ஆட்கள் ஒரு காலேஜ் பசங்களோட ஃபேஸ்புக் டேட்டாவ காலேஜ் பேர், பசங்க பேர் எல்லாம் எடுத்துட்டு வெளிய விட்டாங்க. அந்தத் தொகுப்போட விளக்கக் குறிப்பை வச்சே அது எந்தக் காலேஜ்னு கொஞ்ச நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க. உங்க 12 வீடோ 15 வீடோ, "ரிட்டயர்டு ஆசிரியர், ரெட்டைப் பேத்திகள்"னு எழுதினா அந்தத் தெருல எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் 2014ல வந்த ஃபேஸ்புக் உணர்ச்சி ஆய்வு, 6,89,003 பேரோட நியூஸ் ஃபீடை ஒரு வாரம் மாத்தி விட்டுப் பாத்தாங்க, அவங்க யாருக்கும் தாங்க ஒரு ஆய்வுல இருக்கோம்னே தெரியாது. கம்பெனி விதிகள்ல சம்மதம் அடங்கியிருக்குன்னு சமாதானம் சொன்னாங்க, பதிப்பிச்ச பத்திரிகையே கவலை தெரிவிச்சு தனியா ஒரு குறிப்பு போட வேண்டியதா போச்சு. ஆய்வுல கிடைச்ச விளைவு ரொம்பச் சின்னது. அதை இன்னிக்கு யாரும் பேசுறது இல்ல, கேக்காம பண்ணதைத்தான் பேசுறாங்க.


நடுராத்திரி_நோட்ஸ்:

என் அனுபவம் ஒண்ணு, சிரிச்சுக்கங்க.

எக்ஸ்பீரியன்ஸ் சாம்ப்ளிங்னு ஒரு முறை இருக்கு, ஒரு நாள்ல அப்பப்ப பீப் அடிச்சு "இப்ப என்ன பண்றீங்க, எப்படி இருக்கு"ன்னு கேக்குறது, 70கள்ல சிக்சென்ட்மிஹாய் குழு பேஜரை வச்சு ஆரம்பிச்சது. ஞாபகத்தை நம்ப வேண்டாம், அந்த நிமிஷத்துலயே பிடிச்சுடலாம்னு நானும் அதைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு நாளைக்கு 8 தடவை மெசேஜ் போகும், 20 பேர், ரெண்டு வாரம். பதில் எல்லாம் டாண்ணு வருது, நான் ஆகா ஓகோன்னு இருக்கேன். மூணாவது வாரம் டைம்ஸ்டாம்ப், அதாவது பதில் வந்த நேரத்தை எடுத்துப் பாத்தா பாதிப்பேர் ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து எட்டுக்கும் ஒரே மூச்சுல பதில் போட்டிருக்காங்க. ஒருத்தர் காலைல 9 மணிக் கேள்விக்கு "தூங்கப் போறேன்"னு போட்டிருந்தார், அதைக்கூட நான் கவனிக்கல. போன் எப்படி வேலையக் கெடுக்குதுன்னு ஆராயப் போன நான், அவங்க போன்ல எட்டு தடவ கத்தி அவங்க வேலையக் கெடுத்ததுதான் மிச்சம்.

அப்புறம் நான் பண்ணது ரொம்ப சிம்பிள், போன் டூர். "உங்க போனை எனக்கு சுத்திக் காட்டுங்க"ன்னு சொல்லிட்டு கையக் கட்டிட்டு உக்காந்துடுவேன், போன் அவங்க கைலயே இருக்கும், எதைக் காட்டணும் எதைத் தள்ளணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. இந்த ஆப் யார் போட்டுக் குடுத்தா, இது ஏன் ரெண்டாவது பக்கத்துல கிடக்கு, இந்த வால்பேப்பர்ல யாருன்னு கேட்டாலே போதும், முக்கால் மணி நேரம் ஓடும். ஒரு தாத்தா போன்ல ஒரே ஆப்புக்கு மூணு ஐகான் இருந்துச்சு, கேட்டா மூணு பேரப்பிள்ளைங்களும் ஆளுக்கொரு தடவ ஹோம் ஸ்கிரீன்ல வச்சுக் குடுத்ததாம், எதை எடுத்தா யாருக்கு மனசு கஷ்டமாகுமோன்னு அப்படியே விட்டிருக்கார்.

பேப்பர் டைரியும் நல்லா வேலை செய்யும். 1999ல கேவர், டன், பசென்டி மூணு பேரும் வயசானவங்ககிட்ட போஸ்ட்கார்டு, மேப்பு, யூஸ் அண்ட் த்ரோ கேமரா எல்லாம் குடுத்து அனுப்பி, அவங்களா நிரப்பி அனுப்பினதை வச்சு டிசைன் பண்ணாங்க. அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒரு சின்ன விஷயம், கேள்வி பரீட்சை மாதிரி இருக்கக் கூடாது. "இன்னிக்கு போனை ஒளிச்சு வைக்கணும்னு தோணின இடம் எது"ன்னு ஒரு கார்டு குடுத்தேன், கிடைச்ச பதில் எந்த சர்வேலயும் வராது.


பாதித்தீசிஸ்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. தங்கச்சிதான் சித்தப்பா. சிவப்புமை சார் சொன்னது நறுக்குன்னு தச்சுச்சு. அம்மாகிட்ட போய் கேட்டேன், "இதுக்கு ரெண்டு நாள் ஆச்சா"ன்னாங்க. நம்பரை எழுதிக்கலாம்னுட்டாங்க, ஆனா பக்கத்துலயே பாட்டு விஷயமும் எழுதணும்னு கண்டிஷன்.

நேத்து மரநாற்காலி மேடம் சொன்ன நாலு கட்டத்தைப் போட்டுப் பாத்தேன். அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு வீடியோ எடுத்தேன், மொத்தம் 12 நிமிஷம்தான், எழுதி முடிக்க ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு. ஒரு பில் கட்டணும். அப்பா ரூம்ல அவர் போன்ல ஆப்பைத் திறந்து உக்காந்திருக்கார். ஓடிபி மட்டும் அம்மா போனுக்கு வரும், அந்தக் கணக்குல ஆதியிலயே குடுத்தது அம்மா நம்பர். அப்பா உள்ள இருந்து "வந்துச்சா"ன்னு குரல் குடுக்குறார். அம்மா கை ஈரம், முழங்கைய வச்சு போனைத் திருப்பறாங்க, கண்ணாடி இல்ல, என் தம்பியக் கூப்பிடறாங்க, அவன் தூரத்துல இருந்தே எட்டிப் பாத்து நம்பரைக் கத்துறான், அப்பாவுக்கு நாலாவது எண் கேக்கல, "ஆறா எட்டா"ன்னு கேக்குறார், அம்மா அவங்களே "ஆறு"ன்னு சொல்றாங்க, பாக்காமலே, அவன் சொன்னதை ஞாபகம் வச்சு. அதுக்குள்ள நேரம் முடிஞ்சுது. மறுபடி முதல்ல இருந்து.

இப்ப ரெண்டாவது கட்டத்துல, அதாவது மெஷினுக்குத் தெரிஞ்சதுல என்ன இருக்குன்னு பாத்தா, அம்மா போன்ல ஸ்கிரீன் ரெண்டு தடவ சில நொடி எரிஞ்சது. அப்பா போன்ல பேமென்ட் ஆப் நாலு நிமிஷம், ஒரு தோல்வி, ஒரு வெற்றி. தம்பி எந்த லாக்லயும் இல்ல. ஆப்பைப் பொறுத்தவரைக்கும் பில் கட்டினது அப்பா. நாலாவது கட்டத்துல "ஓடிபி கணக்குக்கு உரியவருக்கு மட்டுமே தெரியணும், யாரிடமும் சொல்லாதீர்கள்"னு எழுதிட்டு நான் ரொம்ப நேரம் சிரிச்சிட்டு இருந்தேன், வீடே கேக்குற மாதிரி கத்தினோம்.

கைடுகிட்ட காட்டினேன். இந்தத் தடவ மீட்டிங்குக்கு போகல, உக்காந்து முழுசா படிச்சார்.


ஸ்டாட்ஸ்_சித்தப்பா:

இந்த ஒரு பக்கத்தை அப்படியே தீசிஸ் முதல் பக்கத்துல வை தங்கச்சி.


லாக்ஃபைல்:

இது செம. தம்பி எந்த லாக்லயும் இல்லங்கிற லைனை எங்க டீம் சேட்ல போடலாமான்னு கேட்டுட்டுப் போடுறேன், இப்ப கன்சென்ட் எல்லாம் கத்துக்கிட்டேன் பாருங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை, பழைய வாதம் இல்ல, வேற. இந்த மாதிரி ஒரு காட்சி கிடைச்சதும் "போன் குடும்பத்தைச் சேர்க்குது"ன்னோ "பிரிக்குது"ன்னோ பெரிய போர்டு மாட்டத் தோணும், மாட்டாதீங்க. 90கள்ல பிட்ஸ்பர்க்ல வீடுகளுக்கு கம்ப்யூட்டரும் நெட்டும் குடுத்துப் பாத்தாங்க, ராபர்ட் க்ரவுட் குழு, 73 வீடு 169 பேர். 1998ல வந்த முடிவு, நெட்டை அதிகம் யூஸ் பண்ணவங்களுக்கு தனிமையும் மனச்சோர்வும் கொஞ்சம் கூடுச்சுன்னு. உலகம் பூரா தலைப்புச் செய்தி. அதே குழு அந்த ஆட்கள்ல பலரைத் திரும்பப் போய் பாத்து 2002ல எழுதினாங்க, அந்தக் கெட்ட விளைவு பெரும்பாலும் கரைஞ்சு போச்சுன்னு. முதல்ல பாத்தது தப்புன்னு இல்ல, நடுவுல நெட்டும் மாறிடுச்சு, அவங்க தெரிஞ்சவங்க எல்லாம் நெட்டுக்கு வந்துட்டாங்க. நீங்க பாக்குறது அஞ்சு மாசம். எந்த வருஷம், எந்த மாதிரி போன், அந்த வீட்ல எத்தனை போன், ஓடிபி எந்த முறைல வருது, இதெல்லாம் எழுதி வைங்க, அஞ்சு வருஷம் கழிச்சுப் படிக்கிறவனுக்கு இந்த ஓடிபி சீன் பழங்கதையா இருக்கலாம்.


மரநாற்காலி:

லாக்ஃபைல் தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. பத்து வீட்ட வச்சு எத்தனை சதவீதம்னு சொல்ல முடியாது, என்னென்ன நடக்குதுங்கிறதைச் சொல்லலாம், எப்படி நடக்குதுன்னு சொல்லலாம். அந்த எல்லைய தீசிஸ்ல முதல்லயே ஒரு பத்தில எழுதிட்டா வைவால யாரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்க. அப்புறம் வேணும்னா அதுல இருந்து எடுத்து சர்வே கேள்வி பண்ணிக்கலாம், "கடைசியா வந்த ஓடிபிய யார் யாருக்குப் படிச்சுக் காட்டினீங்க"ன்னு ஒரு கேள்வி போதும், உங்க பழைய 42க்கும் சமம்.


பாதித்தீசிஸ்:

கடைசியா ஒரு சந்தேகம், அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன். அடுத்த வீட்டுல ஒரு தாத்தா, 81 வயசு, போனே கிடையாது, வேண்டவும் வேண்டாம்ங்கிறார். அவங்க வீட்டை எடுத்துக்குறேன், ஆனா அவரைக் கணக்குல சேர்க்கணுமா? போன் யூஸ் பண்ணாதவரைப் பத்தி போன் ஆராய்ச்சில என்ன எழுதுறது?


நடுராத்திரி_நோட்ஸ்:

கண்டிப்பா சேருங்க. சாலி வயட்னு ஒருத்தங்க இன்டர்நெட் யூஸ் பண்ணாதவங்களப் பத்தியே எழுதியிருக்காங்க, அவங்க எல்லாரையும் "இன்னும் வந்து சேராதவங்க"ன்னு ஒரே கூடைல போடாதீங்கன்னு. வேணாம்னு ஆரம்பத்துலயே தள்ளினவங்க, கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டு விட்டவங்க, ஆசை இருந்தும் கிடைக்காதவங்க, வச்சிருந்து பறிபோனவங்க, நாலும் வேற வேற. தாத்தா இதுல யாருன்னு நீங்களா முடிவு பண்ணாம அவரையே கேளுங்க. அவருக்காக அந்த வீட்ல யார் போன்ல என்னென்ன நடக்குதுன்னும் பாருங்க, மாத்திரை ஆர்டர் பண்றது, பென்ஷன் வந்துச்சான்னு பாக்குறது, அதெல்லாம் யார் கைல.


பாதித்தீசிஸ்:

போயிட்டு வந்தேன், இல்ல, போறதுக்கு முன்னாடியே அவரே கூப்பிட்டுட்டார். நான் வரப் போறேன்னு அவங்க வீட்ல யாரோ சொல்லியிருக்காங்க போல. "நான் போனே தொடுறதில்லையே, என்கிட்ட என்னம்மா கேக்கப் போற"ன்னார். நான் "சும்மா பேசலாம் தாத்தா, சாயங்காலம் வரேன்"னேன். வச்ச அப்புறம்தான் ஸ்கிரீனப் பாத்தேன், பேத்தி நம்பர்ல இருந்து வீடியோ கால், 6 நிமிஷம்.

நோட்ல முதல் வரியா எழுதிட்டேன். அவர்கிட்ட கேட்டுட்டு வச்சுக்கணும்.